நெற்றிக்காசு

சந்தனக் கிண்ணத்தைத் தேடிப் பூஜை அறையின் கடைசித் தட்டையும் இழுத்துப் போட்டாள் கீர்த்திகா. திரிக்கட்டு, இருக்கன்குடித் திருநீற்றுப் பொட்டலங்கள், முந்தாநாள் ஆயுத பூஜைக்கு வாங்கி மிச்சமிருந்த கற்பூரம் எல்லாம் தரையில் சிதறின. வெள்ளிக் கிண்ணத்தை மட்டும் காணோம்.

“ஒரு கிண்ணத்தை எடுத்தார இம்புட்டு நேரமா?” கூடத்திலிருந்து மாமியார் பத்திரகாளியின் குரல் வந்தது. “எம் பிள்ளை நெத்தியில காசு ஒட்டச் சந்தனம் இல்லாமப் போச்சா இந்த வீட்டுல?”

கூடத்தில் ஐஸ் பெட்டிக்குள் ராஜபாண்டியன் கிடந்தான். நேற்றுக் காலை தன் விமானத்தோடு பருத்திக்காட்டில் விழுந்தவன். கழுத்துக்குக் கீழே என்ன மிஞ்சியது என்று ஆஸ்பத்திரியில் யாரும் கீர்த்திகாவுக்குக் காட்டவில்லை. அவளும் கேட்கவில்லை. துணியைச் சுற்றிச் சுற்றி ஆள் வடிவத்துக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கன்னமும் தாடையும் கட்டுக்குள் மறைந்திருந்தன. நெற்றியில் மட்டும் ஒரு கீறல்கூட இல்லை.

அவள் இன்னும் அழவில்லை. துக்கத்துக்கு வந்த பெண்கள் அதைக் கவனித்துவிட்டார்கள். கல்நெஞ்சுக்காரி என்று ஒருத்தி முணுமுணுத்தது அவள் காதில் விழத்தான் செய்தது. அழுகைக்கு முன்னால் ஆத்திரம் வந்து வழியை அடைத்துக்கொண்டு நின்றால் என்ன செய்வது? தீபாவளிக்கு மூன்று வாரம்கூட இல்லை, பட்டாசுக் கம்பெனியில் ஆர்டர் மலைபோல் கிடக்கிறது, கட்டின பெண்டாட்டி வீட்டில் இருக்கிறாள். எல்லாவற்றையும் விட்டுவிட்டு, எந்தக் காலத்து யுத்தத்துக்கோ வெள்ளைக்காரன் செய்த தகரத்தில் ஏறிச் செத்தான். அப்படிச் செத்தவனை முதலில் நாலு கேள்வி கேட்க வேண்டும். அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது.

அந்த விமானம், சண்டைக்குப் போகும் பையன்களைப் பழக்குவதற்காகச் செய்தது. முன்னால் ஒரு இருக்கை, பின்னால் ஒரு இருக்கை. ஏதோ ஒரு ஊரில் கொட்டகைக்குள் கோழி அடைந்துகொண்டிருந்ததை ராஜபாண்டியன் ஏலத்தில் எடுத்து, றெக்கை வேறு உடம்பு வேறாக லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தான். ஆறு வருஷம் அதோடு கிடந்தான். காரியாபட்டிக்கு அந்தப் பக்கம், யுத்த காலத்தில் போட்டு அப்படியே விட்டுப்போன ஓடுதளம் ஒன்று இருந்தது. அதில் முளைத்த கருவேலத்தை வெட்டி, ஆடு மேய்ப்பவர்களை விரட்டி, தகரக் கொட்டகை போட்டான். சாமான் எங்கேயும் கிடைக்காது. சிலது கப்பலில் வந்தது, சிலதைச் சாத்தூர் லேத்துப் பட்டறையில் கடைந்தான். கம்பெனி லாரிகளைப் பார்த்துக்கொண்டிருந்த முனியராஜைக் கூட்டிப்போய் விமானத்துக்கு மெக்கானிக் ஆக்கினான்.

ஊர் முதலில் சிரித்தது, அப்புறம் பெருமைப்பட்டது. திருத்தங்கலில் கீர்த்திகாவின் அண்ணன் அச்சகத்தில்தான் கம்பெனிக் காலண்டர் அடிப்பார்கள். அந்த வருஷம் சாமி படத்துக்குப் பதிலாக விமானத்தைப் போட்டு அடித்தார்கள். பிள்ளை பெற்றுத் தராதவள் என்று அவளைச் சாடைபேசுவதும் விமானம் வந்த பிறகுதான் அந்த வீட்டில் ஓய்ந்தது. அதற்காக அவள் ஒரு காலத்தில் அந்தத் தகரத்துக்கு மனசுக்குள் நன்றிகூடச் சொல்லியிருக்கிறாள். இப்போது நினைத்தால் தன் வாயிலேயே ஒன்று போட்டுக்கொள்ளலாம் போலிருந்தது.

கோயம்புத்தூரிலிருந்த ஓய்வுபெற்ற விமானப்படைக்காரர் ஒருவர்தான் அவனுக்கு அதை ஓட்டப் பழக்கினார். ஒரு தடவை வீட்டுக்குச் சாப்பிட வந்தபோது அவர் கீர்த்திகாவிடமே சொன்னார். “மேல பறக்கறப்ப ஒண்ணும் பண்ணாதும்மா. இறங்கறதுக்காக வேகத்தைக் குறைச்சுத் திரும்பறோம் பாருங்க, அப்பத்தான் ஆபத்து. கொஞ்சம் கூடுதலா குறைச்சுட்டா ஒரு பக்கத்து றெக்கை சட்டுனு தொங்கிப் போயிடும். தாழ்வா இருந்தா மீட்க முடியாது. கண்ணு எப்பவும் வேகம் காட்டற முள்ளு மேலயே இருக்கணும். நல்லா ஓட்டத் தெரிஞ்ச பசங்களையே இது கொன்னிருக்கு.”

ராஜபாண்டியன் சிரித்தான். “சார், நாங்க வெடிமருந்துக் கூடத்துக்குப் பக்கத்துல உக்காந்து சோறு திங்கிற ஆளுக. எங்களுக்குப் போயி பயங்காட்டுறீக.”

அவர் சிரிக்கவில்லை. கீர்த்திகா எலும்புக் குழம்பை ஊற்றிக்கொண்டே இரண்டு பேர் முகத்தையும் பார்த்தாள். அன்றைக்கு அவள் அதில் யார் பக்கம் என்று அவளுக்கே தெரியவில்லை.

வேலைக்காரி தங்கத்தாய் பின்கட்டில் சந்தனத்தை அரைத்து வைத்துக்கொண்டு, “எதுல வழிக்க தாயி?” என்று கேட்டாள். கீர்த்திகா மாமனார் அறைப் பக்கம் போனாள். வேறு எங்கேயும் தேடுவதற்கு இல்லை.

அறைக்கதவு சாத்தியிருந்தது, தாழ் போடவில்லை. உள்ளே குளியலறையில் தண்ணீர் விழும் சத்தம். மாமனார் சங்கரலிங்கம் முக்காலியில் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொண்டு அந்த வெள்ளிக் கிண்ணத்தைப் பல்விளக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக்கொண்டிருந்தார். கிண்ணம் ஏற்கெனவே பளபளவென்றிருந்தது. விளிம்பில் இருந்த கொடி வேலைப்பாட்டுக்குள் பிரஷ்ஷை விட்டு விட்டுத் தேய்த்தார். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. அவர் கம்பெனியில் எண்ணூறு பேர் வேலை பார்க்கிறார்கள். தன் காப்பி டம்ளரைக்கூட அவர் கழுவி அவள் பார்த்ததில்லை.

கீர்த்திகா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். அவருக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்கு மட்டும்தான் தெரியும் என்று நேற்று ராத்திரி முழுக்க நெஞ்சில் வைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

ஆயுத பூஜை அன்றைக்கு ராஜபாண்டியனும் முனியராஜும் விமானத்துக்குப் பெட்ரோல் எடுத்துவர மதுரைக்குப் போயிருந்தார்கள். கம்பெனியில் மிஷின்களுக்கும் லாரிகளுக்கும் பொட்டு வைத்துவிட்டு, குடும்பம் ஓடுதளத்துக்கு வந்தது. மறுநாள் விஜயதசமிக்கு விமானம் முதல்முறையாக ஊரார் பார்க்கப் பறக்கப் போகிறது. சங்கரலிங்கம் விரலைத் தோய்த்துத் தோய்த்து விமானத்துக்குச் சந்தனம் வைத்தார். சுழல்விசிறிக்கு, சக்கரத்துக்கு, கண்ணாடிக்கு. கீர்த்திகா கிண்ணத்தை ஏந்திக்கொண்டு பின்னாலேயே நடந்தாள். றெக்கை முனையில் முன்பக்கமாக நீட்டிக்கொண்டிருந்த ஒரு விரல் தடிமனுள்ள குழாய்க்குச் சிவப்புத் துணியில் உறை மாட்டியிருந்தது. அந்தக் குழாய்க்குள் புகும் காற்றை வைத்துத்தான் முள் வேகத்தைக் காட்டும் என்று ராஜபாண்டியன் அவளுக்கு ஒரு தடவை சொல்லியிருந்தான். குளவி கூடு கட்டிவிடக்கூடாது என்றுதான் உறை.

“இது என்ன, கோவணம் கட்டுன மாதிரி? நல்ல நாளும் அதுவுமா” என்று மாமனார் உறையை உருவினார். குழாயின் வாயில் சந்தனத்தை வைத்தார். அது உள்ளே இறங்கிவிட்டது. பொட்டு நிற்கவில்லையே என்று இன்னும் கொஞ்சம் எடுத்து, கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி நிரப்பி, மேலே வழித்துவிட்டு, குங்குமமும் வைத்தார். கும்பிட்டுவிட்டு, எடுத்ததை எடுத்தபடி வைக்க வேண்டும் என்று உறையையும் அவரே திரும்ப மாட்டினார். அவர் எதிலும் ஒழுங்கு பார்க்கிற ஆள்.

மாமா, அதுல வேண்டாம் என்ற சொல் அவள் தொண்டைவரை வந்தது. பூஜை நேரத்தில் மாமனாரைப் பார்த்து வேண்டாம் என்று சொன்ன மருமகள் அந்த வீட்டில் இதுவரை இல்லை. ராத்திரி புருஷன் வந்ததும் சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டாள். அவன் ராத்திரி வீட்டுக்கு வரவில்லை. போன் சிக்னல் கிடைக்காத அந்தக் கொட்டகையிலேயே படுத்துக்கொண்டான். காலையில் அவள் காரைவிட்டு இறங்கியபோது இயந்திரம் உறுமிக்கொண்டிருந்தது.

“கறை பிடிச்சிருந்துச்சு” என்றார் சங்கரலிங்கம், திரும்பாமலே. “அதான்.”

“குடுங்க மாமா. அத்தை தேடுறாக.”

அவர் கொடுக்கவில்லை. “அந்த விசாரணை ஆபீசர் வந்திருக்காராமே. என்ன சொல்லுதாரு?”

“குழாய்ல சந்தனம் அடைச்சிருந்துச்சாம்.”

தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தது. அவர் குழாயை மூடவில்லை.

“முனியராஜ் உறையைக் கழத்தும்போது பாத்திருக்கணும்லா?” என்றார் கடைசியில். “அவனுக்கு அதுதானே சோலி?”

“பாத்திருக்கணும். உங்க மகனும் பாத்திருக்கணும். ஒவ்வொரு தடவையும் விமானத்தைச் சுத்தி வந்து தொட்டுத் தொட்டுப் பாக்குறவுகதான். ஏழரைக்கு ராகுகாலம், ஏறுலே ஏறுலேன்னு வெரட்டுனது யாரு?”

“துக்க வீட்டுல குரலை ஒசத்தாத.”

“சீனிவாசகம் சித்தப்பாட்ட என்ன சொல்லியிருக்கீக?”

“என்ன சொல்லணுமோ அதைச் சொல்லியிருக்கேன்.” கிண்ணத்தை அவள் பக்கம் நீட்டினார். அவர் கை நடுங்கவில்லை. அவளுக்கு அதுதான் தாங்க முடியாத வெறுப்பாக இருந்தது.

சீனிவாசகம் கம்பெனி மேனேஜர், தூரத்துச் சொந்தமும்கூட. பட்டாசுக் கம்பெனியில் விபத்து என்றால் என்ன செய்ய வேண்டும் என்று அவருக்கு மனப்பாடம். முதலாளி இரண்டு நாள் ஊரில் இருக்க மாட்டார். போர்மேன் தானாக ஸ்டேஷனுக்குப் போய் உட்கார்ந்துகொள்வார். குடும்பத்தைக் கம்பெனி பார்த்துக்கொள்ளும். இந்தப் பக்கத்தில் அதை யாரும் அநியாயம் என்றுகூடச் சொல்வதில்லை. அதுதான் நடைமுறை. இப்போது வானத்திலிருந்து விழுந்த விமானத்துக்கும் அவர் ஒரு போர்மேனைப் பிடித்துவிட்டார்.

வாசல் பந்தலுக்கு அந்தப் பக்கம் போலீஸ் ஜீப் நின்றது. அதன் பின்பக்கம் முனியராஜ் உட்கார்ந்திருந்தான், நேற்றைய கிரீஸ் சட்டையோடு. கேட்டுக்கு வெளியே அவன் பெண்டாட்டி பொன்மணி நின்று கத்திக்கொண்டிருந்தாள். துக்கத்துக்கு வந்த கார்கள் அவளைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைந்தன. அவளுக்கு யாரும் ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கவில்லை.

“என்னப் பெத்த அய்யா, போர்மேன் ஊர்க்காவலன், இந்தக் கம்பெனிக்காகச் செயிலுக்குள்ள போனாரு! மருந்துச் செட்டு வெடிச்ச அன்னைக்கு அவரு காய்ச்சல்ல வீட்டுல கெடந்தாரு. போர்மேன்னு பேரு இருந்ததுக்குப் போனாரு. பாத்துக்கிடுதோம் பாத்துக்கிடுதோம்னீகளே, பாத்துக்கிட்டீகளா? திரும்பி வந்து ஒரு பய வேலை குடுக்காம, கூனிக்குறுகிச் செத்தாரு. இப்ப எம் புருஷனா? ஏரோப்பிளான் விடுறது உங்களுக்கு வெளாட்டு, செயிலுக்குப் போறது எங்களுக்கா?”

சீனிவாசகம் கேட்டுக்குப் போய்க் குரலைத் தாழ்த்தி ஏதோ சொன்னார். பொன்மணி அவர் காலடியில் காறித் துப்பினாள்.

கீர்த்திகா கிண்ணத்தைத் தங்கத்தாயிடம் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, பந்தலைத் தாண்டி ஜீப்புக்குப் போனாள். ஆம்பிளைகள் நாற்காலியிலிருந்து திரும்பிப் பார்த்தார்கள்.

“நேத்து மேலருந்து வாக்கி டாக்கியில அவுக என்ன சொன்னாக?” என்று கேட்டாள்.

முனியராஜ் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “முள்ளு எந்திரிக்கவே மாட்டேங்குது முனியான்னாக. எறக்கிருங்க அண்ணாச்சின்னேன். குத்துமதிப்பா எறக்குதேன்னாக.” அவன் உள்ளங்கையை இடப்பக்கம் சாய்த்துக் காட்டினான். “மேல ஒரு சுத்துச் சுத்தி, கீழ வந்து திரும்பும்போது எடது றெக்கை தொங்கிருச்சுக்கா. அம்புட்டுத்தான். பொறவு சத்தமில்ல.”

அவளும் அதைப் பார்த்தாள். ஆரத்தித் தட்டோடு நின்று பார்த்தாள். வெள்ளி நிறத்தில் வந்து திரும்பிய விமானம் ஒரு பக்கமாகச் சரிந்து, பருத்திச் செடிகளுக்குப் பின்னால் இறங்கியது. இறங்குகிறது என்றுதான் நினைத்தாள். தட்டில் கற்பூரத்தைக்கூட ஏற்றிவிட்டாள்.

“ரெண்டு நாள் பொறுத்துப் பறங்க, நெதானமா எல்லாத்தையும் பாத்துருவோம்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன்க்கா. பெரிய முதலாளி நாள் குறிச்சாச்சுன்னாக. நான் உறையைக் கழத்துனது நெசம். குனிஞ்சு உள்ள பாக்கலை, அதுவும் நெசம். ஆனா சந்தனம் நான் வைக்கல. என் வீட்டுல அம்புட்டுச் சந்தனம் ஏது?”

அவன் குரலில் கெஞ்சல் இல்லை. அவளையும் சேர்த்துத்தான் அவன் வெறுத்தான். அந்த நிமிஷத்தில் அது அவளுக்கு நியாயமாகப் பட்டது.

வீட்டின் முன்னறை, கம்பெனி ஆட்கள் வந்தால் உட்காரும் இடம். அங்கே சென்னையிலிருந்து வந்த விசாரணை அதிகாரியும் சப் இன்ஸ்பெக்டரும் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். மேஜையில் செய்தித்தாளை விரித்து, அதன்மேல் பிளாஸ்டிக் பைக்குள் அந்தக் குழாய் இருந்தது. றெக்கை ஒடிந்து தூரப்போய் விழுந்ததால் குழாய் நசுங்கவில்லை. அதன் வாய் மஞ்சளாக அடைத்திருந்தது. சுவரில், விமானம் போட்ட காலண்டர் இன்னும் தொங்கியது.

அதிகாரி எழுந்து நின்றார். “அம்மா, உங்களைத் தொந்தரவு பண்ணக்கூடாதுன்னுதான்...”

“கேக்கணும்னா கேளுங்க சார்.”

அவர் தயங்கிவிட்டுக் கேட்டார். “ஓடுதளத்துல ஓடறப்பவே முள் அசையலைன்னு அவருக்குத் தெரிஞ்சிருக்கும். தரையிலேயே நிறுத்தியிருக்கலாம். அவ்வளவு நீளம் இருக்கு. ஏன் நிறுத்தலைன்னு எனக்குப் புரியலை.”

“நிறுத்துனா, சரிபண்ணித் திரும்பக் கெளம்புறதுக்குள்ள ராகுகாலம் வந்துரும் சார்.”

அதிகாரி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். சப் இன்ஸ்பெக்டர் ஜன்னல் பக்கம் பார்த்தார்.

“அந்தச் சந்தனத்தை வச்சது முனியராஜ் இல்ல” என்றாள் கீர்த்திகா. “அன்னைக்கு அவன் அங்கனயே இல்ல. வச்சது எங்க மாமா. நான் கிண்ணத்தைப் பிடிச்சுக்கிட்டுப் பக்கத்துல நின்னேன். இதே கிண்ணம்.”

சத்தம் கேட்டு சீனிவாசகம் ஓடிவந்தார். அவருக்குப் பின்னால் பத்திரகாளி, இரண்டு பெண்கள் தாங்கிக்கொள்ள. கடைசியாக, உலர்ந்த வேட்டி மாற்றிக்கொண்டு சங்கரலிங்கம்.

“தாயி, மனசு சரியில்லாத நேரம், நீ உள்ள போ” என்றார் சீனிவாசகம்.

“எம் மனசு நல்லாத்தான் இருக்கு சித்தப்பா.”

“ஐயா, நீங்களா வச்சீங்க?” அதிகாரி நேராகவே கேட்டார்.

சங்கரலிங்கம் மேஜைமேல் இருந்த பையைப் பார்த்தார். அப்புறம் சுவர்க் காலண்டரைப் பார்த்தார். “பூஜையில எத்தனையோ எடத்துல பொட்டு வைக்கிறோம். எனக்கு ஞாபகம் இல்ல” என்றார். குரல் தெளிவாக இருந்தது. “கிண்ணம் மருமக கையிலதான் இருந்துச்சு.”

கீர்த்திகாவுக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது சிரிப்பு வந்தது, அதை அடக்குவதற்கு உதட்டைக் கடிக்க வேண்டியிருந்தது.

பத்திரகாளி அவள்மேல் பாய்ந்தாள். “கிண்ணம் உங் கையில இருந்துச்சுல்லா? நீதானடி வச்சிருப்ப! அந்த ஏரோப்பிளானைக் கண்டாலே உனக்கு ஆகாதே! எம் பிள்ளையத் தூக்கிக் குடுத்துட்டு, எம் புருஷன் மேலயே பழி போட வந்துட்டியா? திருத்தங்கல்காரிய எடுக்காதீகன்னு அன்னைக்கே சொன்னேன்!”

“கிண்ணம் என் கையில இருந்துச்சு அத்தை. விரல் மாமாவோடது.”

அடி விழுந்தது. கன்னத்தில் சுரீரென்றது. கையிலிருந்த கிண்ணத்தை அவள் விடவில்லை.

அதிகாரி சங்கடத்தோடு நோட்டை மூடினார். “அவங்க ஒண்ணு சொல்றாங்க, இவர் ஒண்ணு சொல்றார். வேற யாராவது பார்த்தாங்களா?”

யாரும் வாய் திறக்கவில்லை. அன்றைக்கு அங்கே இருந்த பத்துப் பேரும் இந்த வீட்டுச் சோறு தின்கிறவர்கள்தான். பத்திரகாளியைத் தாங்கிக்கொண்டிருந்த இரண்டு பெண்களும் அந்தப் பத்துப் பேரில் உண்டு.

“அடக்கம் முடியட்டும் சார்” என்றார் சப் இன்ஸ்பெக்டர். “எப்படியும் உறையைக் கழட்டினவன் அவன்தான். அவனைக் கொண்டுபோய் விசாரிச்சா எல்லாம் வந்துரும்.”

சீனிவாசகம் மூச்சு விட்டார். வெளியே கொட்டுக்காரர்கள் மேளத்தைத் தீயில் காய்ச்ச ஆரம்பித்திருந்தார்கள்.

கீர்த்திகா பின்கட்டுக்குப் போனாள். தங்கத்தாய் அம்மியருகில் அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளும் அன்றைக்குப் பூத்தட்டோடு ஓடுதளத்துக்கு வந்தவள்தான். அவள் சந்தனத்தை வழித்துக் கிண்ணத்தில் போட்டாள். அளவுக்கு மிஞ்சியே போட்டாள். அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. யாருக்காக என்று கீர்த்திகா கேட்கவில்லை.

உடம்பைப் பெட்டியிலிருந்து எடுத்துப் பந்தலுக்குக் கொண்டுவந்து பாடையில் வைத்தார்கள். சங்கு ஊதியது. கேட்டுக்கு வெளியே பொன்மணி கத்துவதை நிறுத்திவிட்டு, கம்பியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள். அதிகாரியும் சப் இன்ஸ்பெக்டரும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பந்தல் ஓரத்தில் வந்து நின்றார்கள்.

“நெத்திக்காசு” என்றார் நாவிதர் பெத்தணன். “பெத்த தகப்பன் இருந்தா அவுகதான் ஒட்டணும். பெரியவுக வாங்க.”

சங்கரலிங்கம் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து மகனின் தலைமாட்டில் நின்றார். பெத்தணன் ஒரு ரூபாய்க் காசை அவருடைய இடது கையில் கொடுத்தார். “சந்தனம் எங்க?”

“இந்தா இருக்கு” என்றாள் கீர்த்திகா.

முந்தாநாள் நின்ற மாதிரியே மாமனாருக்கு வலப்பக்கத்தில், அரை அடி பின்னால் வந்து நின்றாள். இரண்டு கையாலும் கிண்ணத்தை ஏந்தி, அவர் விரலுக்கு எட்டும் உயரத்தில் நீட்டினாள். அவள் கன்னத்தில் மாமியாரின் ஐந்து விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தது. எல்லோரும் பார்த்தார்கள்.

“வைங்க மாமா” என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. கொட்டுக்காரர்கள் அடுத்த அடிக்குக் காத்திருந்ததால் அந்த வார்த்தை பந்தல் முழுக்கக் கேட்டது.

சங்கரலிங்கம் மகனின் நெற்றியைப் பார்த்தார். கட்டுகளுக்கு நடுவே அது ஒன்றுதான் மிச்சமிருந்தது. அவருடைய வலது கை மேலே வந்தது. கட்டைவிரல் கிண்ணத்தின் விளிம்பைத் தொட்டது. அங்கேயே நின்றது.

“அண்ணாச்சி, நேரமாகுது” என்றார் சீனிவாசகம்.

கை இறங்கியது. வேட்டி மடிப்புக்குள் போய் ஒளிந்துகொண்டது.

“வைங்க, மாமா.”

அவர் உதடு அசைந்தது.  இடது கையிலிருந்த காசு நழுவி, பாடை ஓலையில் விழுந்து உருண்டது. பெத்தணன் குனிந்து எடுத்து அதே கையில் திரும்ப வைத்தார். விரல்கள் மூடவில்லை. காசு மறுபடியும் விழுந்தது. இந்தத் தடவை பெத்தணன் அதை எடுக்கவில்லை. அவர் கீர்த்திகாவின் கன்னத்தைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார், பிறகு தலையைக் குனிந்துகொண்டார்.

“என்னய்யா நிக்கிறீக? வைங்களேன்!” பத்திரகாளி அலறினாள். “நம்ம பிள்ளைய்யா! வைங்களேன்!”

அவர் வைக்கவில்லை. எழுபது வயதில், ஊரே பார்க்க, ஒரு விரலைத் தூக்க முடியாமல் நின்றார். பத்திரகாளி அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு அவள் சத்தம் மெல்லக் குறைந்து நின்றுபோனது.

பந்தல் ஓரத்தில் விசாரணை அதிகாரி சப் இன்ஸ்பெக்டரின் காதில் ஏதோ சொன்னார். சப் இன்ஸ்பெக்டர் கையிலிருந்த தொப்பியைத் தலையில் மாட்டினார். அப்புறம் கேட் பக்கம் நடந்தார். ஜீப்பின் பின்கதவு திறக்கும் சத்தமும், “இறங்குப்பா” என்ற குரலும் கேட்டன.

கீர்த்திகா திரும்பிப் பார்க்கவில்லை. கை வலித்தது. கிண்ணத்தை இறக்காமல் அப்படியே நீட்டிக்கொண்டிருந்தாள். வெயில் பந்தல் கீற்றுக்குள் புகுந்து கிண்ணத்தில் விழுந்தது. யாரும் தொடாத சந்தனம் ஓரத்திலிருந்து காயத் தொடங்கியிருந்தது.